பாரிசவாயுவும் பஞ்சைப் பராரிகளும்

1945-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 12-ஆம் நாள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஓவியர் ஒருவர் அவருடைய உருவத்தைத் தீட்டிக் கொண்டிருந்தார். பின்மண்டையில் கடுமையான வலி என்று சொன்னவர், சொன்ன மாத்திரத்தில் சாய்ந்தார். மருத்துவர் ஓடிவந்து இரத்த அழுத்தத்தை அளந்தார். மேல்கணக்கு 300-ஐத் தாண்டியிருந்தது, கீழ்க்கணக்கு 190. மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையிலே இரத்தக் குழாய் வெடித்துச் சாவு!

உலகத்தையே ஆட்டிப் படைத்த கை அது. யால்டாவிலே சர்ச்சிலோடும் ஸ்டாலினோடும் உட்கார்ந்து பூமிப்படத்தைப் பங்கிட்டுப் பேசி இரண்டு திங்கள்தான் ஆகியிருந்தது. அவருக்கு இரத்தக் கொதிப்பு மிகுந்திருப்பதை மருத்துவர்கள் ஓராண்டுக்கு முன்பே கண்டுவிட்டார்கள். கண்டு என்ன செய்ய? உப்பைக் குறையுங்கள் என்றார்கள், ஓய்வெடுங்கள் என்றார்கள். கொதிப்பை அடக்கும் நல்ல மருந்து அன்று உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லை. கருவூலத்தையே திறந்து கொட்டினாலும் கிடைத்திராது.

மருந்து பின்னாலே வந்தது. 1958-இல் குளோரோதயசைடு என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. 1967-இல் எட்வர்டு பிரீஸ் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும், அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கொதிப்பு மிகுந்த 143 ஆடவர். ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறு பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை தின்றவர்களிடையே கேடுகள் அடுக்கடுக்காக நேர்ந்தன. மருந்து தின்றவர்களிடையே நேர்ந்தவை விரல்விட்டு எண்ணக் கூடியவை. அன்றோடு முடிந்தது ஐயம். கொதிப்பை அடக்கினால் வாதத்தைத் தடுக்கலாம்!

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்லுகிறோம்? 1945-இல் அரசனுக்கும் ஆண்டிக்கும் இந்த நோயின் முன்னே ஒரே கதிதான் என்பதை நினைவூட்டவே சொல்லுகிறோம். இன்றோ அந்த மாத்திரைகளில் ஒன்று, தெருமுனைக் கடையில் ஒரு குவளைத் தேநீரின் விலையைவிட மலிவு. அரசாங்க மருத்துவமனையில் இலவசம். ஆனாலும் செங்கத்துக் கூலிக்காரன் பாரிசவாயுவில் சாகிறான். ஜவ்வாது மலையின் தாய் சாகிறாள். திருவண்ணாமலைத் தெருவிலே பூக்கட்டும் பாட்டி ஒருபக்கம் இழுத்துக்கொண்டு கிடந்து, கிடந்தே சாகிறாள். மருந்து இல்லாத காலத்தில் ரூஸ்வெல்ட் செத்ததை நோயின் கொடுமை என்போம். மருந்து இருக்கிற காலத்தில் இவர்கள் சாவதை என்னவென்று சொல்வது?

"தலையெழுத்து" என்கிறார்கள் சிலர். மூளையின் இரத்தக் குழாய்க்கு எழுத்தெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டே: அடைப்பு, அல்லது வெடிப்பு. கட்டியாய் உறைந்த இரத்தம் குழாயை அடைத்தால், அதற்கப்பால் உள்ள மூளைப்பகுதி பட்டினி கிடந்து மாள்கிறது. அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்தால், கசிந்த இரத்தம் மூளையை நசுக்குகிறது. நாட்டுப்புறத்தில் வாதம் அடித்துவிட்டது, வாயு அடித்துவிட்டது, கை கால் விழுந்துவிட்டது என்று எப்படிச் சொன்னாலும் உள்ளே நடப்பது இதுதான்.

அடைப்பைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆனால் வெடிப்பு உள்ளவருக்கு அதே ஊசி எமன். எது அடைப்பு, எது வெடிப்பு என்பதை வெளியில் இருந்து பார்த்து எந்த மருத்துவ மேதையாலும் திட்டமாகச் சொல்ல முடியாது. ஸ்கேன் படம்தான் சொல்லும். நெஞ்சு வலிக்கென்று 2023-இல் தமிழக அரசு கொண்டுவந்த இதயம் காப்போம் திட்டத்தில் சிற்றூர் சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிட முடிகிறது. மூளைக்கு அப்படிக் கொடுக்க வழியில்லை. படம் எடுக்கும் ஊருக்கு நோயாளி வந்தே தீரவேண்டும். அவர் வந்து சேரும்வரை, அடைபட்ட பெரிய குழாயின் அப்பால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் மடிந்துகொண்டே இருக்கின்றன.

இந்தக் கணக்கை நெஞ்சிலே நிறுத்திக்கொண்டு திருவண்ணாமலையைப் பாருங்கள்.

கார்த்திகைத் தீபத்தன்று இலட்சக்கணக்கில் மக்கள் கூடும் ஊர். பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிக் கால்கள் நடக்கும் ஊர். 1989-இல் வடஆற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டத்தின் தலைநகரம். 2024-இல் நகராட்சி மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் ஊரிலேயே இருக்கின்றன. பெருமைப்படத்தக்க செய்தி, மறுக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு வேலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் ஓடிய சாலையிலேயே எத்தனையோ உயிர் போயிற்று.

ஆனால் 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் 24 இலட்சத்துக்கு மேல். அவர்களில் ஐந்தில் நால்வர் சிற்றூர்வாசிகள். கோபுரத்தைச் சுற்றியுள்ள நகரத்துக்கு உள்ளேயும் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று விடுதிகளின் ஊர், விளக்குகளின் ஊர். மற்றொன்று, அந்த விடுதிகளில் பாத்திரம் கழுவுகிறவர்களும், இரவெல்லாம் இட்லிக்கடை போடுகிறவர்களும், ஆட்டோ ஓட்டுகிறவர்களும், பௌர்ணமிக் கூட்டம் கலைந்தபின் விடியும் முன்னே குப்பையை வாருகிறவர்களும் வாழும் ஊர். மலைச்சரிவில் சுவரைச் சாய்த்துக் குடியேறிய ஊர். 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் அந்தச் சரிவு பெயர்ந்து வந்து 7 பேரைப் புதைத்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. பார்க்க வேண்டியதுதான். அதே சந்துகளில் ஓசையில்லாமல் ஒருவர் ஒருவராகப் பாரிசவாயு கொண்டுபோகிறதே, அதற்குப் படக்கருவி வருவதில்லை, அமைச்சர் வருவதில்லை, ஓரங்குலச் செய்தியும் வருவதில்லை.

2020-இல் தமிழகம் முழுவதும் எடுத்த ஆய்வு ஒன்று உண்டு. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேருக்கு இரத்தக் கொதிப்பு. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர் நூற்றுக்கு 7 பேர்! மீண்டும் படியுங்கள். நூறு கொதிப்புக்காரர்களில் தொண்ணூற்று மூன்று பேர், எப்போது வெடிக்கும் என்று தெரியாத குழாயைத் தலைக்குள் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். மருந்து கண்டுபிடித்து அறுபதாண்டு கடந்தபின், மருத்துவத்தில் இந்தியாவுக்கே வழிகாட்டுகிறோம் என்று நாம் மார்தட்டுகிற மாநிலத்தில் இது!

மக்கள் அறியாமைதான் காரணம் என்று சொல்லிவிட்டு நழுவப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பேசுவோம். கொதிப்பு என்பது வலிக்காத நோய். காய்ச்சல் என்றால் உடம்பு சுடும். பல் என்றால் தூங்கவிடாது. கொதிப்போ எதையும் சொல்லாது. மாத்திரை தின்றாலும் உடம்பில் ஒரு மாற்றமும் தெரியாது. தின்னாமல் விட்டாலும் தெரியாது. அன்றாடம் கூலிக்குப் போகிறவன் மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும் என்றால், காலையில் போகவேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். மாத்திரை இலவசம், உண்மை. அந்த இலவச மாத்திரையின் விலை ஒரு நாள் கூலி! மாதச் சம்பளக்காரர் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறார்; அவருக்கு அது உண்மையிலேயே இலவசம். கல் உடைப்பவனுக்கு அல்ல. வலிக்காத நோய்க்காக, தெரியாத பலனுக்காக, அடுப்பில் உலை கொதிக்க வேண்டிய காசை விட்டுக்கொடு என்று அவனிடம் சொல்லுகிறோம். நாம் அவன் இடத்தில் இருந்தால் என்ன செய்வோம்?

இந்த மாவட்டத்தின் மக்கள் ஓரிடத்தில் இருப்பதுமில்லை. மழை பொய்த்தால் பெங்களூர்க் கட்டட வேலைக்குப் போகிறார்கள், சூளைக்குப் போகிறார்கள், கரும்பு வெட்டப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7-இல் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் இந்த மாவட்டத்துக்காரர்கள் என்பது மறக்கக்கூடியதா? வயிற்றுக்காக எந்த எல்லைக்கும் போகிறவர்கள் அவர்கள். சாரத்தின் மேலே நிற்கிறவனுக்கு, ஊரிலுள்ள சுகாதார நிலையத்துச் சீட்டு என்ன உதவும்? மாத்திரை பத்து நாளில் தீர்ந்துபோகிறது. இரண்டு மாதம் கழித்துத் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது அவன் கொண்டுவருவது கொஞ்சம் பணமும், ஏறிப்போன கொதிப்பும்.

உணவைப் பற்றிப் படித்தவர்கள் பாடம் நடத்துகிறார்கள். காய்கறி தின்னுங்கள், பழம் தின்னுங்கள், உப்பைக் குறையுங்கள் என்கிறார்கள். பாடத்தில் தவறில்லை. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நம் நாட்டார் தின்பது அதைப்போல் ஏறத்தாழ இரண்டு பங்கு. ஆனால் ஏழை ஏன் உப்பைத் தின்கிறான்? நாக்கு ருசி கேட்டு மட்டும் அல்ல. 2011 முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசி தீர்ந்தது, அது பெரும்பேறு. ஆனால் அரிசிக்குத் துணை வேண்டுமே! நீச்சத்தண்ணீருக்கு ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு. இவைதான் குறைந்த காசில் ஒரு பானைச் சோற்றை உள்ளே தள்ளும் பொருள்கள். ஒரு பிடி உப்பு, ஒரு கிலோ கத்தரிக்காயின் வேலையைச் செய்கிறது. உப்பைக் குறை என்று சொல்லுகிறவர், அந்த இடத்தில் என்ன வைப்பது என்பதையும் அதற்குக் காசு எங்கே என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றி உடையவர்களாக இருப்போம்.

பீடியும் உண்டு, குடியும் உண்டு. மறைக்கவில்லை. உடம்பு நோவுக்குக் குடிக்கிறேன் என்கிறான் மூட்டை தூக்குகிறவன். அந்தக் கடையை 2003 முதல் அரசே நடத்துகிறது என்பதால், குடிகாரனைத் திட்டுவதில் அரசியல்வாதிகள் யாரும் முந்திக்கொள்வதில்லை. 32 நாடுகளில் நடத்தி 2016-இல் வெளிவந்த பேராய்வு ஒன்று, பக்கவாதத்துக்கான காரணங்களில் பத்தில் ஒன்பது பங்கைப் பத்தே காரணங்களுக்குள் அடக்கிக் காட்டியது. கொதிப்பு முதலிடம், பிறகு புகை, குடி, சர்க்கரை, உணவு, மனக்கவலை என்று போகிறது அந்த வரிசை. மனக்கவலை! கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது எந்தத் தியான மண்டபத்தில் போய் உட்காருவது? தியான மண்டபங்களுக்குப் பேர்போன ஊரில்தான் இதைக் கேட்கிறோம்.

சரி, குழாய் அடைத்துவிட்டது. வாய் கோணுகிறது, கை தொங்குகிறது, பேச்சுக் குழறுகிறது. இனி ஓடுகிறது கடிகாரம்.

விடுதியில் தங்கியிருக்கும் வெளியூர்ச் செல்வருக்கு நேர்ந்தால், பக்கத்தில் மனைவி, கையில் தொலைபேசி, வாசலில் கார். அரைமணியில் படம் எடுத்தாகிவிடும். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் மலைக் குக்கிராமத்தில் ஒருவருக்கு நேர்ந்தால்? போளூருக்கு இறங்கும் வளைவுப் பாதையை அடையவே மணிக்கணக்காகும். சாலை எட்டாத மலையூர்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வந்த செய்தியை நாம் செய்தித்தாளில் எத்தனை முறை படித்துவிட்டோம்! 2008-இல் வந்த 108 வண்டி இலட்சக்கணக்கானவர்களைக் காத்திருக்கிறது. வண்டி சாலையில்தான் ஓடும். ஒற்றையடிப் பாதையில் ஓடாது.

மலைக்குக்கூடப் போகவேண்டாம். கிரிவலப் பாதைக்கே வாருங்கள். அங்கே மரத்தடியிலும் கடைத் தாழ்வாரத்திலும் படுத்துறங்கும் முதியவர்களைப் பார்க்கலாம். காவி கட்டியவர் சிலர், பிள்ளைகள் கைவிட்டவர் பலர். அன்னதானம் அவர்களுடைய வயிற்றைக் காக்கிறது. அதைச் செய்கிறவர்களை வணங்குகிறோம். ஆனால் கொதிப்பை அளந்து பார்க்க யார் இருக்கிறார்? இரவு பத்து மணிக்குப் படுத்த ஒருவருக்கு விடியற்காலையில் ஒருபக்கம் விழுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போது தொடங்கியது? சொல்ல அவரால் முடியாது, பேச்சு போய்விட்டது. பார்த்தவரும் இல்லை. மருத்துவ விதிப்படி, அவர் கடைசியாக நன்றாயிருந்த நேரத்திலிருந்தே கணக்குத் தொடங்கும். அதாவது இரவு பத்து மணியிலிருந்து! நாலரை மணி நேரம் என்றோ கடந்துவிட்டது. மூளையின் இன்னும் நுட்பமான படம் எடுத்து, இப்படிப்பட்டவர்களிலும் சிலரைக் காக்கும் வழியைப் பெருநகர மருத்துவமனைகள் கண்டிருக்கின்றன. தாழ்வாரத்தில் கிடப்பவருக்கு அது எட்டுமா? பக்கத்தில் படுக்க ஓர் ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஊசியின் உரிமையை இழக்கிறார் அவர். தனிமையும் ஒரு நோய்க்காரணம் என்று எந்த மருந்துச் சீட்டிலும் எழுதுவதில்லை.

வீட்டார் இருந்தாலும் என்ன நடக்கிறது? எண்ணெய் தேய்க்கிறார்கள். புறா இரத்தம் பூசினால் உணர்ச்சி திரும்பும் என்று யாரோ சொல்ல, புறாவைத் தேடி ஓடுகிறார்கள். மயக்கம் தெளியட்டும் என்று வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுகிறார்கள். இது மிகப் பெரிய ஆபத்து. வாதம் அடித்தவருக்கு விழுங்கும் திறன் போயிருக்கும், ஊற்றிய நீர் நுரையீரலுக்குள் இறங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் சளிக்காய்ச்சலாகி உயிரை வாங்கும். வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐ அழையுங்கள். இந்த மூன்று வாக்கியத்தைப் பள்ளிச் சுவரிலும் பால் கடையிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதிவைக்க எத்தனை டப்பா வண்ணம் ஆகிவிடும்? புறாவைத் தேடியவனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. அவனுக்குச் சரியான செய்தியை எடுத்துச் சொல்லாதவர்கள் நாம்.

பிழைத்தவர் கதை தனி. படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் போட, துடைக்க, ஊட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மனைவி; இல்லாவிட்டால் மகள். மனைவியின் கூலி நிற்கிறது. மகளின் படிப்பு நிற்கிறது. ஒரு குழாய் அடைத்ததில் இரண்டு வருமானம் அடைபடுகிறது. இயன்முறைப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் அழைத்து வா என்கிறார் மருத்துவர். ஆட்டோக் கூலிக்கு எங்கே போவார்கள்? பயிற்சி நிற்கிறது. படுக்கைப் புண் வருகிறது. அப்புறம் சாவு வருகிறது.

இது நம் கற்பனையோ? அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னணியில் உள்ள கேரளத்தில், திருவனந்தபுரத்தில் 2005-இல் பக்கவாத நோயாளிகளை ஒருவர் விடாமல் பதிந்து பார்த்தார்கள். நோய் கண்ட 28 நாளுக்குள் இறந்தவர் நகரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 25. அதைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தில் 37. ஒரே மாவட்டம், ஒரே நோய். கல்கத்தாவில் 2007-இல் வெளிவந்த ஆய்வில், முப்பது நாளுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 41! பெரிய நகரம் என்பதே காப்பு அல்ல என்பதற்குக் கல்கத்தா சான்று. நகரத்துக்குள்ளே மருத்துவமனை இருப்பது வேறு. நகரத்து ஏழை அதற்குள்ளே போய்ச் சேர்வது வேறு.

பிரேசில் நாட்டின் சாவோ பாலோ மாநகரில் வட்டம் வட்டமாகச் சாவுக் கணக்கை எடுத்தார்கள். பக்கவாதச் சாவு எல்லா வட்டங்களிலும் குறைந்தே வந்தது. ஆனால் செல்வர் வாழும் வட்டங்களைவிட ஏழைகளின் வட்டங்களில் சாவு தொடர்ந்து மிகுதியாகவே இருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கால்ட்டன் என்ற ஏழைப் பகுதியில் பிறந்த ஆணின் ஆயுள் 54 ஆண்டு, சில கல் தொலைவில் லென்சி என்ற வசதிமிக்க பகுதியில் 82 என்று 2008-இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு எழுதியது. இருபத்தெட்டு ஆண்டு வேறுபாடு! பிரிட்டிஷ் நாட்டில், இலவச மருத்துவம் 1948 முதல் நடைபெறும் நாட்டில்! ஆகவே மருந்தை இலவசமாக்கினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு ஜப்பானைக் காட்டுகிறோம். 1951 தொடங்கி 1980 வரையில் அந்த நாட்டில் சாவுக் காரணங்களில் முதலிடம் பக்கவாதத்துக்குத்தான். அகித்தா போன்ற வடபுலத்து உழவர் மாவட்டங்களில் நிலைமை படுமோசம். உப்பில் ஊறிய காய், உப்பு மிகுந்த கஞ்சி, கடுங்குளிர், கடுமுழைப்பு. நம் நீச்சத்தண்ணீர் ஊறுகாய்க் கதைதான் அங்கேயும்! என்ன செய்தார்கள்? ஊர் ஊராகப் போய் உழவர்களின் கையில் பட்டை கட்டி அழுத்தம் அளந்தார்கள். சமையற்கட்டுக்குள் புகுந்து உப்பைக் குறைக்கச் சொல்லித் தந்தார்கள். 1961-இல் நாட்டில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீட்டை உறுதிசெய்தார்கள். கூடவே கூலி உயர்ந்தது, வீடு உயர்ந்தது, உணவு உயர்ந்தது. 1965-க்குப் பிந்திய இருபத்தைந்து ஆண்டில், வயதுக் கணக்கைச் சரிசெய்து பார்த்தால், பக்கவாதச் சாவு ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சரிந்தது. மாயம் ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டிலும் அந்த வழியில் ஓர் அடி எடுத்து வைக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ன சொன்னது? கூலிக்காரன் மாத்திரையைத் தேடி வரவேண்டாம். மாத்திரை அவன் வீட்டைத் தேடிப் போகட்டும் என்றது. படுத்தவருக்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டு வாசலிலேயே என்றது. 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருதும் கிடைத்தது. மாலை போட்டாகிவிட்டது, இனி வேலையைப் பார்ப்போம். விருது கொடுத்தவர்கள் மாத்திரை எண்ணிக்கையைப் பார்த்திருக்கலாம். நாம் பார்க்க வேண்டியது, கட்டுக்குள் வந்த கொதிப்பின் எண்ணிக்கையை. நூற்றுக்கு 7 என்பது 30 ஆயிற்றா, 50 ஆயிற்றா? அந்த மாத்திரையை வாசலில் கொண்டு கொடுக்கும் பெண்ணுக்குத் தரும் ஊக்கத்தொகை, அவள் குடும்பத்துக்குக் காய்கறி வாங்கப் போதுமா? இதையும் கேட்கிறோம்.

திருவண்ணாமலைக்கென்று கேட்கவேண்டியவை வேறு உண்டு. கிரிவலப் பாதையில் படுத்திருப்பவர்களுக்கு வீடு இல்லை. வீடு தேடி வரும் மருத்துவம் அவர்களைத் தேடி எங்கே போகும்? அன்னதானம் நடக்கும் இடத்திலேயே வாரம் ஒரு நாள் அழுத்தம் அளந்து மாத்திரை தரட்டும். தட்டேந்தி வரிசையில் நிற்பவர் கையையும் நீட்டுவார். வெளியூர் வேலைக்குப் போகிறவனுக்கு மூன்று மாத மாத்திரையை ஒன்றாகக் கட்டிக் கொடுக்கட்டும். சுகாதார நிலையங்களில் வாரம் இரண்டு நாளாவது மாலை ஏழு மணிக்குமேல் கொதிப்புச் சீட்டுக்குத் தனி வரிசை வைக்கட்டும். கூலியை இழக்காமல் வரமுடிந்தால் கூலிக்காரன் வருவான். தீபத்தன்றும் பௌர்ணமியன்றும் சாலைகள் அடைபடும்போது, மருத்துவக் கல்லூரிக்குப் போகும் ஒரு சாலையை எந்தப் பிரமுகரின் காருக்காகவும் அடைக்காமல் வைக்கட்டும். சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் முறையைத் தமிழகம் 2021-இல் கொண்டுவந்தது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், ஏழை பணக்காரன் பார்க்காமல், அட்டை கேட்காமல்! தலைக்கு வெளியே அடிபட்டவனுக்கு உள்ள இந்த உரிமை, தலைக்கு உள்ளே அடிபட்டவனுக்கு ஏன் கூடாது?

இன்னொன்று. 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான சாவுகளில், காரணத்தை மருத்துவர் சான்றிட்டவை நூற்றுக்கு 23-க்கும் குறைவு. வீட்டுத் திண்ணையில் செத்த ஏழை எதனால் செத்தான் என்பது எந்தப் பேரேட்டிலும் இல்லை. சாவுக்கு மேளம் அடித்தாயிற்று, பால் ஊற்றியாயிற்று, "வயசாச்சு, போயிட்டாரு" என்று முடித்தாயிற்று. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு என்பதை யாரும் எழுதவில்லை. நம் திருநெல்வேலி உட்பட இந்தியாவில் ஐந்து இடங்களில் பக்கவாதத்தை ஆள்வாரியாகப் பதியும் பேரேட்டை மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திக் காட்டியிருக்கிறது. திருநெல்வேலியில் முடிந்தது திருவண்ணாமலையில் முடியாதா? மாநகராட்சி ஆகிவிட்டதே! வட்டம் வட்டமாக எழுதச் சொல்லுங்கள்: எந்தத் தெரு, என்ன வயது, என்ன தொழில், கொதிப்பை யாராவது அளந்தார்களா, எத்தனை மணி நேரம் கழித்து மருத்துவமனைக்கு வந்தார். அந்தப் பேரேட்டை மாநகராட்சிக் கூட்டத்தின் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். விடுதித் தெருவின் பக்கத்தையும் மலைச்சரிவுத் தெருவின் பக்கத்தையும் எதிரெதிரே விரித்துவைத்து, மன்ற உறுப்பினர்கள் வாய்விட்டுப் படிக்கட்டும்.